தகடு வைத்த காலோடு படியிறங்க
கணுக்கால் முறிவுக்குத் தகடு வைத்தவர்களுக்கு மலைநாட்டில் ஏற்றத்தைவிட இறக்கமே பெரும்பாடு. இறங்கும்போது பாதம் மேல்நோக்கி மடங்க வேண்டும். பல வாரம் அசையாதிருந்த மூட்டு அதற்குத்தான் மறுக்கிறது. வைத்தியர் அனுமதித்த பின், காலை நீட்டி உட்கார்ந்து, முன்பாதத்தில் துவாயை மாட்டி, முழங்கால் மடங்காமல் தன்பக்கம் இழுத்து 30 விநாடி வைத்திருங்கள். நாளுக்குச் சில தடவை.

அந்தக் காலில் பாரம் வைக்க வைத்தியர் சொன்ன பிறகே படியேறி இறங்குங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில். ஊன்றுகோல் நல்ல கால் பக்கக் கையில் (பலர் நோகிற பக்கமே பிடிக்கிறார்கள்!). மழைநாளில் பாசி பிடித்த தோட்ட லயத்து வீட்டுப் படியில் றப்பர் செருப்போடு இறங்குவது வேண்டவே வேண்டாம்.

மாலை வீக்கம் சில மாதங்கள் இருக்கலாம். ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.