கண்ணிமைக்காதவர்களின் கதைகளை வாசிக்கும் முறை

தேவர், கந்தருவர், யட்சி, ஜின், நீர்மகளிர் எனப் பல பெயர்களில் வரும் வேற்றுலகத்தார் நம்மை ஏன் ஈர்க்கிறார்கள் என்று கேட்டால், மனிதக் கற்பனைக்கு எல்லையில்லை என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அந்த விடையைக் கொண்டு எந்த ஒரு கதையையும் விளங்கிக்கொள்ள இயலாது. ஒரு கதையை எடுத்துக்கொண்டு சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்தால், அவர்களுடைய ஆற்றலைக் காட்டிலும் அவர்களிடம் உள்ள குறையும் அவர்களைச் சூழ்ந்த கட்டுப்பாடுமே நம்மைப் பிடித்து நிறுத்துகின்றன என்பது தெரியவரும்.

முதலில், அந்த உயிர் மனிதரிடமிருந்து எந்தெந்த வகையில் வேறுபடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலைத்து நிற்கும் கதைகளில் இந்தப் பட்டியல் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியதாக இருக்கும். ஜப்பானிய நாட்டார் கதைகளில் ஆற்றில் வாழும் கப்பா ஏறத்தாழ ஒரு சிறுவனின் உருவமும் குறும்பும் உடையது. அதன் உச்சந்தலைக் குழியில் தேங்கிய நீரே அதன் பலம். எதிரில் நிற்பவர் தலைதாழ்த்தி வணங்கினால் மரியாதை தெரிந்த கப்பாவும் பதிலுக்கு வணங்கும், நீர் சிந்திவிடும், வலிமை போய்விடும். பெரும்பாலும் நம் எதிர்பார்ப்புக்கு இணங்கி, ஓரிரு இடங்களில் மட்டும் அதனை மீறும் உருவங்களே எளிதில் நினைவில் தங்கி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகின்றன என்று மானிடவியலாளர் பாஸ்கல் போயர் விளக்குவதும் இதனோடு பொருந்துகிறது. எல்லையற்ற ஆற்றல்களை அடுக்கிக்கொண்டே போகும் கதைகள் எனக்கு இரண்டாம் பக்கத்திலேயே சலிப்பூட்டுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்து, அந்த உயிருக்கு மனிதரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு மகாபாரதத்தின் நளோபாக்கியானத்தைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. தமயந்தியின் சுயம்வரத்தில் இந்திரன், அக்கினி, வருணன், யமன் ஆகிய நால்வரும் நளனுடைய உருவத்திலேயே வந்து அமர்கிறார்கள். அவள் மனமுருகி வேண்டிய பிறகு அவர்கள் தத்தம் அடையாளங்களை வெளிப்படுத்துகிறார்கள்: கண்கள் இமைப்பதில்லை, மேனி வியர்ப்பதில்லை, மாலை வாடுவதில்லை, பாதம் நிலத்தில் படிவதில்லை. ஐந்தாமவனோ வியர்த்து, புழுதி படிந்து, வாடிய மாலையோடும் தன் நிழலோடும் நிற்கிறான். அவன் கழுத்திலேயே மாலை விழுகிறது. ஒரு மானிடப் பெண்ணை விரும்பி விண்ணவர் நால்வர் மண்ணுக்கு வந்து தோற்றுத் திரும்புவது கதையின் பாதிச் சுவை என்றால், அழியாமையின் அடையாளங்களாகச் சொல்லப்பட்டவையே ஒருவரை விலக்குவதற்கான காரணங்களாக மாறுவது மறுபாதி. கிரேக்க மரபிலும் தீவில் வாழும் தேவமகள் கலிப்சோ இதே இடத்தில்தான் நிற்கிறாள். ஏழாண்டுகள் தன் தீவில் இருந்த வீரன் ஒடிசியஸுக்கு அவள் மூப்பும் சாவும் இல்லாத வாழ்வைத் தருவதாகச் சொல்ல, தன் மனைவி அழகில் அவளுக்கு இணையில்லை என்று ஒப்புக்கொண்டே அவன் வீடு திரும்ப விரும்புகிறான்.

மூன்றாவதாக, நிபந்தனையைத் தேடுங்கள். மற்றவற்றைத் தவறவிட்டாலும் இதனைத் தவறவிடக் கூடாது. என் செயலைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிறாள் கங்கை. சனிக்கிழமையில் என்னைப் பார்க்கக் கூடாது என்கிறாள் பிரெஞ்சு மரபின் மெலுசின். நம் சந்திப்பை எவரிடமும் சொல்லக் கூடாது என்கிறாள் ஜப்பானின் பனிப்பெண். நிபந்தனை மீறப்படும் என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். ஆகவே, எப்போது மீறப்பட்டது என்பதைவிட, எந்த உணர்வால் மீறப்பட்டது என்பதையே எழுதி வைக்க வேண்டும். ஏழு குழந்தைகள் ஆற்றில் விடப்படுவதைக் கண்டும் வாய்திறவாத சந்தனு, எட்டாவது குழந்தைக்காகத் தடுக்கும்போது தந்தைப் பாசம் மீறுகிறது. மெலுசினின் கணவனிடம் ஐயம் மீறுகிறது. பனிப்பெண்ணின் கணவன், அருகில் இருப்பவள் யாரென்று அறியாமல், மனைவியிடம்தானே என்ற நம்பிக்கையில் பேசிவிடுகிறான். ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் சொல்லப்படும் கடல்நாய்ப் பெண்ணின் கதைகளில் நிபந்தனையே இல்லை; அவள் கழற்றிவைத்த கடல்நாய்த் தோலை ஒருவன் ஒளித்துவைத்து அவளை மணந்துகொள்கிறான், தோல் கிடைத்த நாளில் அவள் கடலுக்குப் போய்விடுகிறாள். இதனைக் காதல் கதை என்று வகைப்படுத்துவதற்கு முன் சற்றுத் தயங்குவது நல்லது.

காலக் கணக்கையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளலாம். கடலரண்மனையில் மூன்றாண்டுகள் இருந்து திரும்பும் ஜப்பானியக் கதைநாயகன் உராஷிமா தாரோவுக்கு ஊரில் முந்நூறு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. பாகவதத்தில் மகள் ரேவதிக்கு மணமகன் தேடிப் பிரம்மலோகம் சென்ற அரசன் ககுத்மிக்கு இருபத்தேழு சதுர்யுகங்கள், அதாவது நான்கு யுகங்களும் அடங்கிய சுற்றுகள் இருபத்தேழு, கழிந்துவிடுகின்றன.

இறுதியாக, ஒரே கதையின் பல வடிவங்களை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஸ்டித் தாம்சனின் நாட்டார் கதைக்கூறு அடைவில் தடைகள் தனிப் பிரிவாகவும் வேற்றுலகத்தார் மற்றொரு பிரிவிலும் தொகுக்கப்பட்டிருப்பதால், ஒத்த கதைகளைக் கண்டுபிடிப்பது எளிது. தொடங்குவதற்கு விண்ணுலக மங்கை ஊர்வசியையும் அவளைக் காதலித்த அரசன் புரூரவனையும் எடுத்துக்கொள்ளலாம். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் உரையாடலில் அவன் கெஞ்சுகிறான், அவள் திரும்பி வர மறுக்கிறாள். வேள்விகளை விளக்கும் வேதநூலான சதபத பிராமணத்தில், அவனை ஆடையின்றிக் காணக் கூடாது என்ற அவளது நிபந்தனையைக் கந்தருவர்கள் மின்னலால் சூழ்ச்சி செய்து முறிக்கிறார்கள். முடிவில் அவன் வேள்வி செய்து தானும் கந்தருவன் ஆகிறான். காளிதாசரின் நாடகத்தில் அந்த நிபந்தனை மறைந்து, அவன் தங்கள் மகனைக் காணும்வரைதான் அவள் அவனோடு இருக்கலாம் என்ற வரம்பு அதன் இடத்தில் வருகிறது. அதையும் இந்திரன் தளர்த்திவிடுகிறான். எந்த வடிவத்தில் ஊர்வசி அதிக அந்நியமாகத் தோன்றுகிறாள், எதில் மனிதப் பெண்ணாகவே ஆகிவிடுகிறாள் என்பதை உங்கள் குறிப்பில் எழுதிய பிறகு அடுத்த கதைக்குச் செல்லுங்கள்.