அம்பாசடரில் பாயிண்ட் மாற்றுவது, டைமிங் வைப்பது, அப்புறம் எலக்ட்ரானிக்குக்கு மாறுவது

போன தை மாசம் அம்பையில் ஒரு கல்யாணம். விடியற்காலையில் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். சேர்மாதேவி தாண்டுவதற்குள் வண்டி இரண்டு தடவை இருமியது, மூன்றாவது தடவை அப்படியே ஓரமாக உருண்டு நின்றுவிட்டது. வண்டி என்பது பெரியப்பா வைத்திருந்த 1983 மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பின்சீட்டில் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருந்த ஆச்சி "பஸ்ல போயிருக்கலாம்லா" என்று நாலு தடவை சொல்லிவிட்டாள்.

யாரோ சொல்லி ஒரு மெக்கானிக் அண்ணாச்சி டிவிஎஸ் 50-இல் வந்தார். டிஸ்ட்ரிப்யூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) மூடியைத் திறந்தார், என்னை ஹேண்டில் போட்டுச் சுற்றச் சொன்னார், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாயிண்ட் எப்பம் மாத்துனிய?"

"மூணு மாசம் இருக்கும் அண்ணாச்சி."

"கேமுக்கு கிரீஸ் வச்சியளா?"

நான் பதில் சொல்லவில்லை. தட்டில் இருந்த கல்யாணப் பத்திரிகையை வாங்கி, ஒரு மூலையைக் கிழித்து, பாயிண்டுக்கு நடுவில் சொருகி, ஸ்க்ரூவைத் தளர்த்தி, நகர்த்தி, இறுக்கினார். ஒரே செல்ஃப். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

நடந்தது இதுதான். பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் திறந்து மூடுகிற ஒரு சின்ன சுவிட்ச். டிஸ்ட்ரிப்யூட்டர் நடுவில் சுற்றுகிற நாலு மூலைக் கேம், பாயிண்டின் குதியைத் தள்ளித்தான் பாயிண்டைத் திறக்கிறது. திறக்கிற அந்த நொடியில் காயிலில் (வோல்ட்டை உயர்த்துகிற சுருள்) ஓடுகிற கரண்ட் அறுகிறது, அந்த அறுப்பில்தான் பிளக்குக்குப் போகிற ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. 1910-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த ஏற்பாடு, நம் அம்பாசடர் வரைக்கும் பெரிதாக மாறவில்லை. கிரீஸ் இல்லாமல் குதி தேய்ந்தால் இடைவெளி குறைந்துகொண்டே வரும், டைமிங் (பிளக்கில் ஸ்பார்க் விழுகிற நேரம்) பின்னால் போகும், பிக்கப் குறையும், ஒரு நாள் பாயிண்ட் திறக்கவே திறக்காது. எனக்கு அந்த ஒரு நாள் கல்யாணத்தன்று வந்தது.

இனி வேலை. நான் சொல்வதெல்லாம் பழைய 1489 சிசி எஞ்சினுக்கும் அதில் வருகிற லூகாஸ் வகை டிஸ்ட்ரிப்யூட்டருக்கும்தான். பிற்பாடு வந்த இசுசு எஞ்சின் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்மினிக்காரர்களுக்கும் அதேதான், முறை ஒன்று, அளவு வேறு.

என்ன வேண்டும்

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) ஒன்று, மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, சின்ன ஸ்பானர் ஒன்று, பழைய துணி, டெஸ்ட் லாம்ப். டெஸ்ட் லாம்ப் கடையில் வாங்காதீர்கள், 12 வோல்ட் சின்ன பல்பு ஹோல்டரில் இரண்டு வயரும் இரண்டு கிளிப்பும் மாட்டினால் முடிந்தது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். என் கருத்தில் டைமிங் வைக்க பல்புதான் நல்லது, கண் ஓரத்தில் எரிவது தெரியும், குனிந்து எண் படிக்க வேண்டாம். உப்புத்தாளைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதில் உதிர்கிற தூள் பாயிண்டின் முகத்தில் பதிந்து இன்னும் சீக்கிரம் கரிக்கும். குழி விழுந்த பாயிண்டைத் தேய்த்துக்கொண்டிருப்பதற்குப் புதிது போடலாம்.

பாயிண்ட் மாற்றுவது

பாட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளி, வயர்களைப் பிடுங்காமல் மூடியை அப்படியே ஓரமாகச் சாய்த்து வையுங்கள். வயர்களைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் பேப்பர் டேப் ஒட்டி எண் போடுங்கள். சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகிற வரிசை 1-3-4-2, மேலிருந்து பார்த்தால் மூடிக்குள் இருக்கிற ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும்.

ரோட்டாரை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். உடனே துணியை டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுற்றித் திணியுங்கள். இதைச் செய்யாமல் ஒரு சின்ன ஸ்க்ரூவை உள்ளே போட்டுவிட்டு, காந்தத்தை நூலில் கட்டி ஒரு சாயந்தரம் முழுக்க மீன்பிடித்தேன்.

இப்போது என்னை நாலு நாள் உட்காரவைத்த இடம். கல்யாணம் முடிந்து வந்து புது பாயிண்ட் வாங்கி மாட்டினேன், இடைவெளி பார்த்து வைத்தேன், வண்டி உயிரே வரவில்லை. பிளக் மாற்றினேன். காயில் மாற்றினேன். கண்டன்சர் (பாயிண்ட் திறக்கும்போது அதில் பொறி பறக்காமல் காக்கிற சின்ன உருளை) மாற்றினேன். கார்பரேட்டரைக்கூடப் பிரித்தேன், அதன்மேல் என்ன கோபமோ. கடைசியில் தப்பு ஒரு மிளகளவு பிளாஸ்டிக்கில் இருந்தது.

நிதானமாகப் படியுங்கள். பாயிண்டில் இரண்டு பாதி. அசையாத பாதி தட்டில் ஸ்க்ரூ போட்டு உட்காரும், அது எர்த். அதிலிருந்து ஒரு சின்னத் தூண் நிமிர்ந்து நிற்கிறதே, அதுவும் எர்த்தான். அசைகிற பாதிக்கு ஒரு வளைந்த ஸ்பிரிங் பட்டை இருக்கிறது, அதன் நுனி அந்தத் தூணில்தான் மாட்டும், ஆனால் தூணைத் தொடக்கூடாது. காயிலிலிருந்து வருகிற வயர், கண்டன்சர் வயர் இரண்டின் கண்ணிகளும் அதே தூணில்தான் மாட்டும், ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், தூணைத் தொடக்கூடாது. இதற்குத்தான் தொப்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் புஷ் கொடுத்திருக்கிறார்கள்.

வரிசை: முதலில் தூணில் ஃபைபர் வாஷர். அதன்மேல் ஸ்பிரிங் பட்டையின் கண். தொப்பிப் புஷ்ஷை வெளியிலேயே கையில் எடுத்து, இரண்டு வயர் கண்ணிகளையும் அதன் கழுத்தில் கோத்து, புஷ்ஷைத் தலைகீழாக, அதாவது தொப்பியின் விளிம்பு மேலே இருக்கும்படி, தூணில் இறக்குங்கள். கழுத்து ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் போய் உட்காரும், கண்ணிகள் ஸ்பிரிங்கின்மேல் படியும். கடைசியாக நட்டு. நட்டு தொடுவது பிளாஸ்டிக் விளிம்பை மட்டும்தான். நான் செய்தது, புஷ்ஷை முதலில் இறக்கிவிட்டு வயர்களை அதற்கு மேலே வைத்து நட்டைப் போட்டது. பார்க்க அழகாக இருந்தது. நட்டு வழியாக இரண்டு வயரும் தூணில் எர்த் ஆகிவிட்டன, பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் அறுவதில்லை, அப்புறம் ஸ்பார்க் எங்கிருந்து வரும்?

சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனை போதும். பாயிண்டுக்கு நடுவில் காய்ந்த அட்டைத் துண்டை வையுங்கள். எர்த்தைத் திரும்ப மாட்டி, சாவியைப் போட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகிற முனையிலும் மறு முனையை பாடியிலும் பிடியுங்கள். பல்பு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் எங்கோ எர்த் அடிக்கிறது, அந்தத் தூணைத் திரும்பப் பிரியுங்கள்.

இடைவெளி: நாலாவது கியரில் போட்டு வண்டியைத் தள்ளியோ ஹேண்டில் போட்டோ, குதி கேமின் உச்சி மூலையில் ஏறி நிற்கும்படி கொண்டுவாருங்கள். 0.35-இலிருந்து 0.40 மி.மீ. வரை. ஃபீலர் லேசாக இழுபட வேண்டும், பாயிண்ட் அசையக்கூடாது. ஸ்க்ரூவை இறுக்கும்போது தட்டு நகரும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள். புது பாயிண்ட் முகத்தில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், பெட்ரோலில் நனைத்த அட்டையால் துடையுங்கள். கேமுக்கு அரிசியளவு கிரீஸ். அதிகம் வைத்தால் தெறித்துப் பாயிண்டில் விழும்.

கண்டன்சர் பற்றி ஒன்று. வேலை செய்கிற பழைய கண்டன்சரை, பாயிண்ட் மாற்றுகிறோமே என்பதற்காக மாற்றாதீர்கள். புது மலிவு கண்டன்சர்களை விட இருபது வருஷம் ஓடியது நம்பகமானது என்பது என் அனுபவம். வண்டி ஓடும்போது பாயிண்டில் கொழுத்த வெளிச்சம் தெரிந்தால் மட்டும் அதைச் சந்தேகப்படுங்கள்.

டைமிங்

முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் பெருவிரலை வைத்து, இன்னொருவரை ஹேண்டில் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன். இதைப் பார்க்காமல் குறியை மட்டும் பார்த்து வைத்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் நேர் எதிராக வைத்துவிடுவீர்கள், வண்டி கார்பரேட்டர் வழியாகத் துப்பும். என் வண்டியில் குறி எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது, டைமிங் கவரில் மூன்று கூர்முனை, கிராங்க் புல்லியில் ஒரு சின்ன வெட்டு. பாய் விரித்துப் படுத்தால்தான் தெரியும். வெட்டில் சாக்பீஸ் தடவிக்கொள்ளுங்கள். மூன்றில் நீளமான முனை உச்சி (பிஸ்டன் மேலே வந்து நிற்கிற இடம்), மற்ற இரண்டும் 5, 10 டிகிரி முன்னால்.

வெட்டை 5 டிகிரியில் நிறுத்தி, டெஸ்ட் லாம்பை முன் சொன்னபடியே மாட்டி, சாவி போட்டு, டிஸ்ட்ரிப்யூட்டரின் கிளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரின் உடம்பைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் பல்பு அணையும்வரை திருப்பி, பிறகு மெதுவாகக் கடிகாரப் பக்கம் திருப்புங்கள். பல்பு எரிகிற அந்த இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். மிச்சத்தைப் பக்கத்தில் இருக்கிற திருகு நட்டில் ஏ (டைமிங் முன்னால்), ஆர் (பின்னால்) என்று எழுதியிருக்கும் பக்கங்களில் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்யலாம். நான் புளியரை எஸ் வளைவில் ஏற்றிப் பார்ப்பேன். மூன்றாவது கியரில் மிதிக்கும்போது கொலுசு குலுங்குகிற மாதிரி சத்தம் கேட்டால் ஆர் பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

எஞ்சின் உறிஞ்சுவதை வைத்து டைமிங்கைத் தானாக நகர்த்துகிற வேக்வம் குழாயைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள், உள்ளே தட்டு நகர வேண்டும், நுனியை நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டயஃபிரம் கிழிந்திருக்கிறது.

எலக்ட்ரானிக்

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் எலக்ட்ரானிக், அதாவது பாயிண்டுக்குப் பதில் கரண்டை அறுக்கிற மாட்யூல். பாயிண்டைச் சரியாக வைக்கத் தெரியாமல் அதற்கு ஓடினால், அடுத்த தடவை நடுரோட்டில் நிற்கும்போது திறந்து பார்க்க ஒன்றும் இருக்காது.

மூடிக்குள்ளேயே உட்காருகிற மாட்யூல்தான் சுலபம். பாயிண்டையும் கண்டன்சரையும் கழற்றிவிட்டு மாட்யூலைத் தட்டில் ஸ்க்ரூ போட்டு, காந்த வளையத்தைக் கேமில் அழுத்தி, ரோட்டாரை மேலே மாட்ட வேண்டும். சிவப்பு வயர் காயிலின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸ்ஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் அந்த நிமிஷமே போச்சு. வாங்குவதற்கு முன்னால் உங்கள் பாட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள், மிகப் பழைய வண்டி என்றால் பிளஸ் எர்த்தாக இருக்கலாம், அதற்கு மாட்யூலே வேறு. காயிலின் பிரைமரி 3 ஓம் பக்கத்தில் இருக்க வேண்டும், 1.5 ஓம் காயிலை நேராகக் கொடுத்தால் மாட்யூல் சூடாகிச் சாகும். பிளக் வயர் செம்புக் கம்பியாக இருந்தால் சப்ரஷன் வயராக (மின் இரைச்சலை அடக்குகிற வயர்) மாற்றுங்கள், இல்லையென்றால் மாட்யூல் குழம்பி மிஸ் அடிக்கும்.

பல்பு வைத்து டைமிங் பார்ப்பது இதோடு முடிந்தது. டைமிங் லைட் வாங்கித்தான் ஆக வேண்டும். ஐடிலில், வேக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு சாவியை ஆன் நிலையில் விட்டு பாட்டுக் கேட்கிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். சில மாட்யூல்களும் காயிலும் அதில்தான் எரிகின்றன.

நான் மாற்றிவிட்டேன், குளிரில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. ஆனாலும் இடைவெளி வைத்த பாயிண்ட் ஒரு செட், கண்டன்சரோடு, டேஷ்போர்டு பெட்டியில் எப்போதும் கிடக்கும்.

பிறகு சேர்த்தது: மீனாட்சிபுரத்திலிருந்து ஒருவர், எல்லாம் நீங்கள் சொன்னபடி வைத்தும் மிஸ் அடிக்கிறது என்று எழுதியிருந்தார். விசாரித்ததில் 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கின வண்டி. மூடியைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன், உட்புறம் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி கரிப்பாதை இருந்தது. சுரண்டினால் நாலு நாள் ஓடும், புது மூடிதான் மருந்து. குற்றாலம் சாரலில் மட்டும் மிஸ் அடித்து வெயில் வந்தால் சரியாகிற வண்டிக்கும் முதலில் மூடியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: குலுங்கினால் நின்று, மூடியைத் திறந்து மூடினால் ஓடுகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இரண்டு குட்டி வயர் இருக்கிறது, ஒன்று வெளி முனையிலிருந்து பாயிண்டுக்கு, இன்னொன்று தட்டிலிருந்து உடம்புக்கு எர்த். வேக்வம் தட்டு ஆடி ஆடி உறைக்குள்ளேயே கம்பி அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மெல்ல இழுங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே கம்பி இல்லை.

ரோட்டார் பற்றியும் எழுதச் சொன்னார்கள். மலிவு ரோட்டாரில் பித்தளையைப் பிடிக்கிற ரிவெட் நீளமாக இருந்தால், ஸ்பார்க் அதன் வழியாகத் தண்டுக்கு இறங்கிவிடும். பாயிண்ட் மூடியிருக்கிற நிலையில் சாவி போட்டு, காயிலின் நடு வயரை மரத் துணிக்கிளிப்பில் பிடித்து ரோட்டார் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே காட்டி, பாயிண்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து திறந்து மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று ஸ்பார்க் பாய்ந்தால் அந்த ரோட்டாரைத் தூக்கிப் போடுங்கள்.