ஹைட்ரஜன் வாகனத்தை எடைபோடுவது எப்படி?

புகைக்குழாயிலிருந்து நீராவி மட்டுமே வருகிறது என்றதும் மயங்கிவிடாமல், அந்த ஹைட்ரஜன் எதிலிருந்து தயாரானது என்று முதலில் விசாரியுங்கள். உலகில் இன்று உற்பத்தியாகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே கிடைக்கிறது. மீத்தேனை நீராவியுடன் வினைபுரியச் செய்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால், சுமார் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறும். வண்டி கக்காத புகையை ஆலை கக்கிவிடுகிறது.

தண்ணீரை மின்னாற்பகுத்துப் பெற்றது என்று பதில் வந்தால், அந்த மின்சாரம் எதிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, கணக்குப் போடுங்கள். பலருடைய உற்சாகம் வடிவது இந்த இடத்தில்தான். ஒரு கிலோவைப் பிரித்தெடுக்க 50 முதல் 55 கிலோவாட் மணி செலவாகும்; அழுத்தவும் குளிர்விக்கவும் ஆவதைச் சேர்த்து 60 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோவில் அடங்கிய ஆற்றலோ ஏறத்தாழ 33தான். வண்டிக்குள் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் கருவியான எரிபொருள் கலம் அதில் பாதியை மின்சாரமாக்கினால் மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 17. அதே 60ஐ பேட்டரியில் ஏற்றினால் 45க்கு மேல் மோட்டாரைச் சென்றடையும். ஆகவே, பேட்டரி வண்டி சமாளிக்கும் அன்றாடப் பயணத்துக்கு ஹைட்ரஜனை நாடுவது வீண் என்பதே என் கருத்து. கனச் சுமையுடன் நெடுந்தூரம் ஓடும் லாரிகளின் கணக்கைத் தனியாகப் பார்க்கலாம்.

அடுத்தது தொட்டி. எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றல் கொண்டதென்றாலும், 700 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 700 மடங்கு) அழுத்தத்தில்கூட ஒரு லிட்டரில் சுமார் 40 கிராம் ஹைட்ரஜன்தான் அடங்கும். இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய் காரில் 5.6 கிலோவுக்காகக் கார்பன் இழை சுற்றிய மூன்று உருளைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. எனவே பெட்டிகள் வைக்க எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று திறந்து பாருங்கள்.

வழக்கமாகச் செல்லும் பாதையில் நிரப்பு நிலையம் ஒன்று இருந்தால் போதாது, மாற்றாக இன்னொன்றும் வேண்டும். கலிபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை ஷெல் நிறுவனம் 2024இல் நிரந்தரமாக மூடியது.

கடைசியாக, வண்டியை நிறுத்தும் இடம். ஹைட்ரஜனுக்கு மணமில்லை, மணமூட்டும் கந்தகச் சேர்மங்களைக் கலந்தால் எரிபொருள் கலத்தின் பிளாட்டின வினையூக்கி கெடும். காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும், அதன் சுடரும் பகலில் கண்ணுக்குப் புலப்படாது. கசிந்த வாயு விரைவாக மேலெழும் என்பதால், மூடிய கொட்டகையில் கூரையை ஒட்டிக் காற்றுப்போக்கியும் கசிவு உணரியும் அமைத்த பிறகே வண்டியை உள்ளே விடுங்கள்.