ஊதிய இடைவெளி அறிக்கை கேட்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் தையல் பிரிவில் பெரும்பாலும் பெண்களும், மேற்பார்வையாளர், மேலாளர் பொறுப்புகளில் பெரும்பாலும் ஆண்களும் இருப்பது அங்கு வேலை பார்ப்பவர்களுக்குப் புதிய செய்தியன்று. ஆண், பெண் ஊதிய இடைவெளியை, அதாவது நிறுவனத்தின் ஆண்கள் எல்லோரும் வாங்கும் ஊதியத்தின் அளவுக்கும் பெண்கள் எல்லோரும் வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை, ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிடச் சட்டம் வேண்டும் என்று கோருவோர், அந்த இடைவெளியை ஒரே வேலைக்கு வேறு வேறு கூலி கொடுப்பதோடு குழப்பிக்கொள்வதே முதல் தவறு. பின்னதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடைசெய்திருந்தது; அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் தடைசெய்கிறது. தையல் பிரிவில் இருபாலருக்கும் ஒரே கூலி கொடுத்தாலும், உயர்ந்த சம்பளப் பதவிகளில் பெண்கள் இல்லையென்றால் இடைவெளி அப்படியே இருக்கும். கோரிக்கையில் இந்த வேறுபாடு தெளிவாக இல்லையென்றால், "நாங்கள் சட்டத்தை மீறவில்லை" என்று நிர்வாகம் ஒரே வரியில் பேச்சை முடித்துவிடும். அது பொய்யாகவும் இருக்காது.

இதைவிடப் பெரிய தவறு, யாரையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்பதை எழுதாமல் விடுவது. நிறுவனத்தின் நேரடிப் பணியாளர்களை மட்டும் கேட்டால், ஒப்பந்ததாரர் வழியாக வரும் பெண்களும், காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களும் அறிக்கைக்கு வெளியே நின்றுவிடுவார்கள். குறைந்த கூலி வாங்கும் பெண்களை ஒப்பந்தத்துக்கு மாற்றிவிட்டால், ஒருவருக்கும் ஒரு ரூபாய்கூட உயராமலே, இடைவெளி குறைந்ததாக அறிக்கை காட்டும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதிப்படி சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய விவரம் தருகின்றன என்பதைக் காட்டி நிறைவடைவதும் இங்கே உதவாது. நம் பகுதித் தோல் நிறுவனங்களில் பெரும்பாலானவை பங்குச் சந்தைக்கே வராதவை.

சராசரியை மட்டும் கேட்பதும் போதாது. நான்கு பேர் 12,000 ரூபாயும் மேலாளர் ஒருவர் 60,000 ரூபாயும் வாங்கும் இடத்தில் சராசரி 21,600. வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவதோ 12,000தான். 250 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கான பிரிட்டனின் 2017ஆம் ஆண்டு விதிகள் இரண்டையும் கேட்கின்றன. ஊதியப் படிநிலையை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பெண்கள் எத்தனை சதவீதம் என்றும் கேட்கின்றன. ஆனால் இடைவெளியைக் குறைக்கும் திட்டத்தை அவ்விதிகள் கட்டாயமாக்கவில்லை. அந்தக் குறையையும் சேர்த்து நகலெடுக்க வேண்டியதில்லை.

மனுவை யாரிடம் கொடுப்பது என்பதிலும் சறுக்கல் உண்டு. வேலூர் ஆட்சியர் அலுவலகம் உள்ள சத்துவாச்சாரியில் திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொடுப்பது பதிவுக்கு நல்லது. ஆனால் ஆட்சியர் சட்டம் இயற்ற முடியாது. தொழிலாளர் நலன், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநில அரசையும் கேட்கலாம். 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போய்விட்டன. ஆகவே மூன்று மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் ஒரே வாசகமுள்ள மனுவைக் கொடுக்க வேண்டும்.