குளத்து வண்டலும் மீன் கழிவும்: தோட்டத்தில் செய்யக் கூடாதவை

தூர்வாரும் குளத்திலிருந்து வண்டலை அள்ளிவந்து, ஈரம் சொட்டச் சொட்டப் பாத்தியில் கொட்டிவிடுகிறார்கள். அடிவண்டல் கருகருவென்று இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றே படாமல் கிடந்த சேறு, வேரை மூச்சுமுட்ட வைத்துவிடும். அரை அடி கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயவிடுங்கள். நாற்றம் அடங்கி, கருமை வெளுத்து, கட்டி கையில் நொறுங்கினால் சரி. இடையில் முளைக்கும் கோரையைக் கிழங்கோடு பிடுங்காவிட்டால் பிறகு தோட்டம் முழுக்கக் கோரைதான்.

காய்ந்த வண்டலையும் தொட்டி நிறைய நிரப்பக் கூடாது. களி மிகுந்த மண், நாலு தண்ணீர் விட்டதும் இறுகிவிடும். காய்ந்தால் ஓரத்தில் வெடித்து, ஊற்றும் தண்ணீர் வேரைத் தொடாமல் அந்த வழியே ஓடிவிடும். வண்டல், மக்கிய தொழுவுரம், மணல் மூன்றும் சம பங்கு போதும். செம்மண், மணல் பாத்திக்கு ஓர் அங்குலம் பரப்பிக் கொத்திவிடலாம். களிமண் தோட்டத்துக்கு வண்டலே வேண்டாம்.

இறால் குட்டை வண்டலில் உப்பு இருக்கும், மண் பரிசோதனை செய்யாமல் தொடாதீர்கள். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் ஏரியின் வண்டல் கீரைக்கும் கிழங்குக்கும் ஆகாது. உலோக நஞ்சு வெயிலில் காய்ந்து போகிற சங்கதி அல்ல.

மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்துச் செய்யும் உரக்கரைசல்தான் மீன் அமிலம். அதைப் பெரும்பாலும் கெடுப்பது தண்ணீர். 1 கிலோ மீன் கழிவுக்கு 1 கிலோ வெல்லம், ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. கழிவிலுள்ள நீரை வெல்லமே இழுத்துக்கொள்ளும், அந்தப் பாகில் அழுகல் கிருமி வளராது. வெல்லத்தில் சிக்கனம் பார்த்தால் புழுதான் மிஞ்சும். பிளாஸ்டிக் வாளியில் கால் பங்கு காலியாக விட்டு, மூடியை இறுக்காமல் வையுங்கள், வாயு சேர்ந்தால் தெறிக்கும். 21 நாளுக்குப் பின் பழவாடை வர வேண்டும். பிணவாடை வந்தால் செடிப்பக்கம் கொண்டுபோகாமல் குழியில் புதையுங்கள். கருவாட்டுக் கழிவு உப்பு, அதைச் சேர்க்கவே வேண்டாம்.

தெளிக்கும்போது மட்டும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி மீன் அமிலம், இளஞ்செடிக்கு 5. துணியில் வடிகட்டாவிட்டால் தெளிப்பான் முனை அடைக்கும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், மாலையில் அடியுங்கள். பூக்கும் நேரத்திலும் வாராவாரம் அடித்தால் தழைச்சத்து ஏறி, செடி தளதளவென்று நிற்கும், காய் இருக்காது.

மீன் கழிவைப் பச்சையாகவே புதைப்பதானால் தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஓரடிக்குக் குறையாத ஆழத்தில் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் விடிவதற்குள் நாய் தோண்டிவிடும், செடியோடு சேர்த்து.