சாரத்துக்கு அளவு கிடையாது

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் யாருக்காவது உடம்பு போட்டுவிட்டால் "தைராய்டா இருக்கும்" என்பார்கள். ரத்தம் கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. தைராய்டு குறைவாகச் சுரந்தால் எடை கூடத்தான் செய்யும். ஆனால் அதனால் மட்டும் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நல்ல பங்கு உப்பும் நீரும். இருபது கிலோ கூடியவர் தைராய்டு மாத்திரையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் ஏமாற்றம்தான்.

அடுத்து பழி விழுவது சோற்றின் மேல். ராத்திரி சோற்றை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லும் ஆள், அதே ராத்திரி கடையில் மூன்று பொரோட்டா சாப்பிடுவார். மாவு பிசையும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லில் போட்டதும் மறுபடி எண்ணெய். இதில் "தேங்காய் எண்ணெய்தானே, நம்ம எண்ணெய்" என்று ஒரு சமாதானம் வேறு. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டிக்கு சுமார் 120. ஊர்ப் பாசம் அதைக் குறைக்காது.

என் விஷயத்தில் மாட்டியது சாயா. ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். விடியற்காலை கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, வேலையிடத்தில் இரண்டு, சாயங்காலம் கூட்டாளிகளோடு ஒன்று. கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் பத்து ஸ்பூன். அதாவது 50 கிராம், 200 கலோரி. பால் கணக்கு தனி. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனியை நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது. நான் அதைப் பாதி நாளிலேயே தாண்டியிருந்தேன். சாயங்காலச் சாயாவோடு கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழம்பொரியும் (மாவில் முக்கிப் பொரித்த வாழைப்பழம்) வரும், பேச்சு நீண்டால் இரண்டு. இதையெல்லாம் சாப்பாடு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. டாக்டர் கேட்டபோதும் மூன்று வேளைதான் என்றேன், அது பொய் என்றே தோன்றவில்லை.

"எங்க குடும்பமே தடிச்ச உடம்பு" என்பது அடுத்த சாக்கு. பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு மலைச்சரிவில் ஏறி முந்நூறு மரத்தில் பட்டையைக் கீறிவிடுவார், பிறகு பாலெடுக்க மறுபடி அதே சுற்று. வந்து ஒரு குத்துச் சம்பா சோறும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் தின்றால் அது அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குத் தட்டு மட்டும் வந்து சேர்ந்தது, சரிவு வரவில்லை. கடைக்குப் போவதே ஸ்கூட்டரில்.

தூக்கத்தைக் கணக்கில் எடுக்காததும் தவறு. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும். ராத்திரி 12 மணிக்குப் போனை நோண்டும்போது கை ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போவது அதனாலும்தான்.

மருந்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எடையைக் கூட்டலாம். அதற்காக நாமாகவே நிறுத்திவிடக் கூடாது; நாள்பட எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று விடுவது உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் மாற்று இருக்கிறதா என்று பார்ப்பார்.

அப்புறம், ஆண்களுக்கு மட்டும் ஒன்று. பேன்ட் இறுகினால் தெரிந்துவிடும். சாரம், அதாவது கைலி, அப்படிச் சொல்லிக் காட்டாது, வயிறு எவ்வளவு வளர்ந்தாலும் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொள்ளலாம். அதனால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே தையல் டேப்பை வைத்து, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு. நான் முதலில் வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தேன், 93. மனைவி டேப்பை வாங்கி அளந்தபோது 98.