தெருவில் இருப்பவருக்கு ஒரு வீடு கிடைக்க

மனநலம் பாதிக்கப்பட்டு தெருவோரம் கிடப்பவரைப் பார்த்தால் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், அவர் மூட்டையை மட்டும் தொடாதீர்கள், அவரிடம் இருப்பது அவ்வளவுதான். அப்புறம் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் வழி கேளுங்கள். காவல் நிலையத்திலும் சொல்லலாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது.

சரி, சிகிச்சைக்குப் பிறகு? காப்பகம்தான் என்று விட்டுவிடாதீர்கள். சென்னையில் பான்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2015-இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' போல, நான்கைந்து பேர் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில், உதவியாளர் துணையோடு சேர்ந்து வாழும் ஏற்பாடு உண்டா என்று மருத்துவமனை சமூகப் பணியாளரிடம் விடாமல் கேளுங்கள். இன்றைக்கு என்ன குழம்பு என்பதை அங்கே அவர்களே முடிவு செய்யலாம், எனக்கு அதுதான் பெரிய விஷயம். அப்படியொரு வீடு உங்கள் தெருவுக்கு வந்தால், வாசலில் கோலம் போடுபவரிடம் பேர் கேட்டுப் பேசுங்கள்.